ஓப்பநாயக்க: 48இல் 1

கொழும்பிலிருந்து புறப்பட்ட சின்னக் கோச்சிக்கு ஓப்பநாயக்கதான் கடைசித் தரிப்பு. களனிவெளிப் புகையிரதப் பாதை 1912இல் இரத்தினபுரிக்கு வந்தது, 1919இல் ஓப்பநாயக்கவைத் தொட்டது. அதற்கப்பால் தண்டவாளம் போடவில்லை. பலாங்கொடைப் பக்கம் போகிறவர்கள் இறங்கி வீதியைப் பிடிக்க வேண்டியதுதான். 1976இல் ஹோமாகமைக்கு அப்பாலுள்ள பாதை மூடப்பட்டது. இரண்டு வருடத்தில் அவிசாவளை வரை மறுபடி திறந்தார்கள், 1990களில் அந்தத் துண்டு அகலப் பாதையாகவும் மாறிவிட்டது. இரத்தினபுரிக்கும் ஓப்பநாயக்கவுக்கும் கோச்சி திரும்பவேயில்லை. பெல்மதுளையைத் தாண்டி ஏ4 வீதியில் பலாங்கொடை பஸ்ஸில் இன்று உட்கார்ந்திருக்கும் இளையவர் ஒருவரிடம் இங்கே ரயில் வந்து நின்றது என்று சொன்னால், கதை விடுகிறோம் என்றுதான் நினைப்பார்.

போன கோச்சியைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதைச் செய்து மேசையில் வைப்பது. உலகமெங்கும் இலட்சக்கணக்கானோர் செய்கிற வேலை இது. விமானம், கப்பல், டாங்கி, ரயில் என்று பழைய காலத்துப் பொருட்களை ஒரு கணக்குக்குச் சுருக்கிப் பசையாலும் வர்ணத்தாலும் மறுபடி உண்டாக்குகிறார்கள். விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அந்த வேலையை ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டால் என்ன கிடைக்கும் என்பதே என் கேள்வி. ஓப்பநாயக்கவை அதற்குச் சோதனைக் களமாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் தண்டவாளம். களனிவெளிப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலான தூரம் 2 அடி 6 அங்குலம், அதாவது 762 மில்லிமீற்றர். 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் ஓடிய அகலப் பாதைக்கோ 5 அடி 6 அங்குலம். இந்தியாவில் 1897இல் திறந்த பார்சி இலகு ரயில்பாதையும் 30 அங்குலக்காரன்தான். வளைவில் நெளிந்து போகும், மண் வெட்டும் செலவு குறையும் என்பதற்காகச் சாம்ராச்சியத்தின் ஓரங்களில் அக்காலத்தில் போடப்பட்ட பாதைகள் இவை. களனிவெளியின் வளைவுகள் எவ்வளவு கூர்மை என்பதை அவிசாவளைக்கு இன்று போகிற அகலப் பாதை ரயிலே காட்டும். பாதை அகன்றது, வளைவு நிமிரவில்லை, அதனால் வேகம் எடுக்க முடிவதில்லை.

இந்த 762 மில்லிமீற்றரை எதனால் வகுப்பது? வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளங்களில் மிகப் பரவலானது 16.5 மில்லிமீற்றர் அகலம் கொண்டது. அதில் நமது அகலப் பாதையைக் காட்ட முயன்றால் தலைவலி. வழக்கமான 87இல் 1 அளவில், அதாவது உண்மை அளவை 87ஆல் வகுத்துச் சுருக்கினால், அகலப் பாதைக்கு 19 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டும், பிரித்தானியரின் 76இல் 1 அளவில் சரியாக 22 வேண்டும். அந்த அகலத்தில் எந்தப் பெரிய கம்பனியும் தண்டவாளம் விற்பதில்லை. ஆகவே இந்தியாவிலும் இலங்கையிலும் அகலப் பாதை ரயில் செய்கிறவர்கள் அநேகமாக 16.5இலேயே வண்டியை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அகலமான பாதை என்பதே அதன் அடையாளம், அந்த அடையாளம்தான் முதலில் தொலைகிறது.

சின்னப் பாதைக்கு வந்தால் கதை தலைகீழ். அமெரிக்காவில் 48இல் 1 அளவில், அதே 16.5 மில்லிமீற்றர் தண்டவாளத்தைப் பயன்படுத்தி, 30 அங்குலப் பாதையைக் காட்டும் ஒரு பிரிவு இருக்கிறது. 1998இல் பாக்மன் நிறுவனம் அதற்கென்று வண்டிகளை விற்கத் தொடங்கியதும் பரவியது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் 30 அங்குலப் பாதைகள் சொற்பம். அங்கே ஓடிய சின்ன ரயில்களில் பெரும்பாலானவை 3 அடி, இல்லையென்றால் 2 அடி. மலிவான தண்டவாளமும் மோட்டாரும் ஏற்கெனவே கையில் இருந்ததால் அவர்கள் செய்துகொண்ட சமாதானம் அது. ஆனால் 762ஐ 48ஆல் வகுத்துப் பாருங்கள், 15.9 வருகிறது. 16.5இலிருந்து அரை மில்லிமீற்றர் சொச்சம்தான் வித்தியாசம். உண்மையான பாதையில் வைத்துப் பார்த்தால் ஒன்றேகால் அங்குலப் பிழை, அவ்வளவே. அவர்களுக்கு ஏறக்குறைய பொய்யாக இருந்த அளவு ஓப்பநாயக்கவுக்கு ஏறக்குறைய மெய்யாகிவிடுகிறது.

இந்தத் துறையில் அளவுகள் இப்படித்தான் பிறக்கின்றன, இலட்சியத்தால் அல்லாமல் நெருக்கடியால். 72இல் 1 விமானங்களுக்கு 1930களில் பிரித்தானியாவில் நிலைத்தது. 1 அங்குலம் 6 அடிக்குச் சமம் என்பதால் ஆறடி மனிதன் ஓர் அங்குலத்தில் நிற்பான், கணக்குச் சுலபம். ரயிலில் 87இல் 1 இருக்கப் பிரித்தானியர் 76இல் 1 என்று தனியே போனதற்குக் காரணம், அவர்களுடைய இன்ஜின்கள் ஐரோப்பிய இன்ஜின்களைவிட ஒல்லி, அன்றைய மோட்டார் உள்ளே அடங்கவில்லை. உடம்பைப் பெருப்பித்தார்கள், தண்டவாளத்தை மாற்றாமல் விட்டார்கள். அந்தப் பொருத்தமின்மை இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. யப்பானின் டமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பேந்தர் டாங்கியை வெளியிட்டபோது, உள்ளே மோட்டாரும் பற்றரியும் வைக்க இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தை ஒட்டி உடலை அமைத்துவிட்டு அளந்து பார்த்தால் 35இல் 1 அளவில் வந்து நின்றது. இன்று உலகத்து டாங்கிப் பிரியர்களின் அலுமாரியெல்லாம் அந்தப் பற்றரியின் அளவில்தான் நிற்கிறது.

எந்த அளவு என்பதைக் கம்பனி தீர்மானிப்பது போலவே எந்த வரலாறு என்பதையும் கம்பனிதான் தீர்மானிக்கிறது. பெட்டியில் அடைத்து விற்பதற்குப் பெயர் கிட். இலங்கை வரலாற்றில் எது கிட்டாகக் கிடைக்கிறது என்று தேடினால் விடை ஏறக்குறைய ஒரே வாரத்துக்குள் அடங்கிவிடும். 1942 ஏப்ரல் 4 முதல் 9 வரை. 4ஆம் திகதி கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சால் ஓட்டிய கட்டலினா கடல்விமானம் தெற்கே யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. 5ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு, கொழும்பின் மீது குண்டு விழுந்தது, இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் ஹரிகேன் போர்விமானங்கள் எழும்பின. 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மீஸ் மூழ்கியது, 307 பேர் மாண்டார்கள். இதில் வருகிற ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பெட்டி உண்டு. ஹேர்மீஸை யப்பானின் அவோஷிமா 700இல் 1 அளவில் வெளியிட்டிருக்கிறது, 600 அடிக் கப்பல் 26 சென்ரிமீற்றரில் அடங்கிவிடும். மூழ்கடித்தவர்களின் விமானந்தாங்கிக் கப்பல் அகாகியும் அதே அளவில் வேறொரு யப்பானியப் பெட்டியில் வருகிறது. இரண்டையும் ஒரே தட்டில் அருகருகே வைக்கலாம்.

அந்த ஹரிகேனைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்ப்போம். வயிற்றுக்குக் கீழே இரண்டு சக்கரம். டயரைக் கறுப்பாக அடிக்காதே, அடர்ந்த சாம்பல் நிறம் அடி, மண் பட்ட இடத்தில் கொஞ்சம் வெளிற விடு என்று எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்லும். டயர் எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லாது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்து மலாயா யப்பானியர் கைக்குப் போனதும், நேசநாடுகளுக்கு மிஞ்சிய இயற்கை ரப்பரில் பெரும்பங்கு இலங்கையிலிருந்துதான் போக வேண்டியிருந்தது. கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மரங்கள் அவை. மரம் செத்தாலும் பரவாயில்லை, பாலைக் கொண்டு வா என்ற கணக்கில் பட்டையை அறுத்து எடுத்தார்கள். அதற்குக் கொலை வெட்டு என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயரே உண்டு. அதே 1942இல்தான் களனிவெளியின் யட்டியாந்தோட்டைக் கிளைப் பாதை மூடப்பட்டது. விமானத்துக்கு 80 வருடமாகக் கிட் வருகிறது. விடியற்காலையில் வாளியோடு மலையேறிப் பால் வெட்டியவருக்கு ஒரு பெட்டியும் இல்லை.

முறைப்பாடாக இதைச் சொல்லவில்லை. டமியாவோ ஏர்ஃபிக்ஸோ தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தைப் பெட்டியில் அடைத்து விற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மடத்தனம், வாங்குவது யார்? நான் கவனிப்பது வேறொன்று. கிட் வாங்கியவர் இன்னொருவர் செய்துமுடித்த ஆராய்ச்சியை ஒட்டிப் பார்க்கிறார். கிட் இல்லாதவர், அட்டையும் தகரமும் தீக்குச்சியும் வைத்து அடியிலிருந்து தொடங்குகிறவர், தானே அளக்க வேண்டும். அளக்கப் போன இடத்தில்தான் வரலாறு கையில் ஒட்டுகிறது.

நல்ல உதாரணம் லயம். தோட்டத்தைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. காம்பிரா சின்னது, இருட்டு, புகை என்று எல்லோரும் எழுதினார்கள், நானும் எழுதியிருக்கிறேன். 48இல் 1 என்றால் ஓர் அடிக்குக் கால் அங்குலம். பழைய லயத்தின் காம்பிரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. கால் அங்குலக் கணக்கில் இரண்டரை அங்குலத்துக்கு மூன்று அங்குலம். ஒரு சீட்டுக்கட்டை எடுத்து ஒரு சீட்டை மேசையில் வைத்தால் அதன் அகலம் இரண்டரை, நீளம் மூன்றரை. காம்பிரா முழுவதையும் அது மூடிவிடும். மிச்சம் அரை அங்குலம், அது இஸ்தோப்பின் முதல் 2 அடி. இனி அந்தச் சீட்டின் மேல் ஆட்களை நிறுத்த வேண்டும். ஐந்தடிப் பெண் ஒருத்தி ஒன்றேகால் அங்குலம். படுக்க வைத்தால் சீட்டின் அகலத்தில் சரிபாதி. தாய், தகப்பன், நாலு பிள்ளை, ஓர் அப்பாயி, ஒரு மூலையில் அடுப்பு, சுவரோரம் விறகு. வைத்துக்கொண்டே வந்தால் ஐந்தாவது ஆளுக்கு மேல் கை நடுங்கத் தொடங்கும், கதவு திறக்க இடம் இருக்காது. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் என்றால் பின்சுவரில் யன்னலும் வைக்க முடியாது, அந்தச் சுவர் அடுத்த வீட்டுச் சுவர். நூறு பக்கத்தில் படித்ததைவிட ஒரு சீட்டு எனக்குக் கூடுதலாகச் சொன்னது.

கூரைக்குத் தகரம் வேண்டும். நெளித் தகரத்தின் ஒரு நெளிக்கும் அடுத்த நெளிக்கும் வழக்கமான இடைவெளி 3 அங்குலம், 48ஆல் வகுத்தால் 1.6 மில்லிமீற்றர். சைக்கிள் கடையிலும் ஹார்ட்வெயாரிலும் கிடைக்கும் 10 மில்லிமீற்றர் ஆணியின் புரி இடைவெளி 1.5. இரண்டு ஆணியைப் பக்கம் பக்கமாக வைத்து, நடுவே தேயிலைப் பக்கற்றின் உள்ளே வரும் வெள்ளித் தாளை விட்டு உருட்டினால் அச்சொட்டான தகரம். துருவுக்குச் செங்கல் பொடியும் கொஞ்சம் ஒட்டுப்பசையும் போதும். இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து எதையும் தருவிக்கத் தேவையில்லை.

தேயிலை இந்தப் பொழுதுபோக்கில் முன்பே இன்னொரு வழியாக நுழைந்திருக்கிறது. இங்கிலாந்தில் மாதிரி ரயில் செய்கிறவர்கள் குடித்து முடித்த தேயிலைச் சக்கையைக் காயவைத்து, காட்டுத் தரையில் உதிர்ந்த சருகாகத் தூவுவது பழைய வழக்கம். நமது தோட்டத்துக் கொழுந்து, கோச்சியேறி, கப்பலேறி, கோப்பையில் வடிந்து, கடைசியில் யாரோ ஒருவரின் பரணில் ஆங்கிலேயக் காட்டின் குப்பையாகக் கிடந்திருக்கிறது. அந்தச் சக்கையைக் கொண்டு ஒரு தேயிலை மலையைச் செய்ய அங்கே எவருக்கும் தோன்றியிருக்குமா?

தோன்றியிருந்தாலும் கணக்குப் போட்டவுடன் கைவிட்டிருப்பார். புதுக் கன்று நாட்டும் முறையில் ஒரு ஹெக்டயருக்கு 12,500 செடி என்பது இலங்கையில் வழக்கமான கணக்கு. 48இல் 1 அளவில் ஒரு ஹெக்டயர் இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் சொச்சம், ஒரு கட்டிலைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் 12,500 செடி, ஒவ்வொன்றும் முக்கால் அங்குல உயரம், மேலே தட்டையாகக் கவ்வாத்து வெட்டு. நாளுக்கு நூறு செடி செய்தாலும் நான்கு மாதம். ரப்பர் மனிதனிடம் கருணையுள்ள பயிர், அதே நிலத்தில் 500 மரம்தான். ஓப்பநாயக்கவின் சுற்றுப்புறத்தைச் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு என் யோசனை, முன்னால் நாலு வரிசை தேயிலை, பின்னால் ரப்பர், அதற்கும் பின்னால் வர்ணம் தீட்டிய மலை.

சின்னது அழகு என்பதில் ஒரு பொறியும் இருக்கிறது. தோட்டத்தைச் சிறிதாக்கிக் காட்டுவது நாம் கண்டுபிடித்த யோசனை கிடையாது. 1880களில் வங்காளத்துக் கிருஷ்ணநகர்க் கைவினைஞர்கள் அவுரித் தொழிற்சாலை ஒன்றைக் களிமண்ணில் முழுதாகச் செய்து கொடுத்தார்கள். தொட்டி, கொதிகலன், இடுப்பளவு நீரில் நின்று அடிக்கிற கூலிகள் எல்லாம் அதில் உண்டு. அது லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் சேகரிப்பில் இருக்கிறது. வேலைப்பாடு அற்புதம். கூலிகளை அடிமைப்படுத்துவதற்குப் பேர்போன ஒரு தொழில், கண்காட்சிக்கு வந்தவர்கள் குனிந்து ரசிக்கும் பொம்மையாகிவிட்டது. இன்னொரு தொடர்பையும் சொல்ல வேண்டும். 1876இல் பிரேசில் ரப்பர் விதைகள் முளைத்ததும் அதே கியூவில்தான். அங்கிருந்து சுமார் 1,900 கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறி ஹெனரத்கொடையில் நடப்பட்டன. சபரகமுவ ரப்பர் மலைகளின் கதை அங்கே தொடங்குகிறது.

ஆகவே எதைச் செய்வது என்பதோடு எந்தக் கோணத்தில் நின்று பார்க்கச் செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும். போர் மாதிரிகள் செய்கிறவர்களுக்கு இடிந்த வீட்டின் மேல் பெரிய மோகம். நோர்மண்டியின் உடைந்த சுவர், கருகிய உத்தரம், சிதறிய ஓடு எல்லாம் தனியே கிட்டாகவே விற்கின்றன. புகைக் கறையை எப்படிக் காட்டுவது என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பாடம் உண்டு. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது லயங்கள் எரிந்தன, சனங்கள் காட்டுக்குள் ஓடினார்கள். 1977 இனக்கலவரத்துக்குப் பிறகும் 1983 கலவரத்துக்குப் பிறகும் எத்தனையோ குடும்பம் வவுனியாப் பக்கம் போனது. அந்தக் கருகிய லயத்தை 48இல் 1 அளவில் செய்யலாமா? கையில் திறமை இருக்கிறது, வர்ணம் இருக்கிறது. என்னைக் கேட்டால் நான் மாட்டேன் என்பேன், செய்கிறவரைத் தடுக்கவும் மாட்டேன். போட்டி மேசையில் வைத்து மார்க் வாங்கும் பொருளாக மட்டும் அது வரக்கூடாது.

முழு அளவிலேயே காப்பாற்றப்பட்டவையும் இருக்கின்றன. கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில், இலங்கை ரயிலின் 150ஆம் ஆண்டுக்குத் திறந்த அருங்காட்சியகத்தில் சின்னப் பாதையின் ஹன்ஸ்லெட் டீசல் இன்ஜினைப் பார்க்கலாம். கண்டி ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் ரோதையும் உலர்த்தியும் இருக்கின்றன. கம்பளைக்குக் கிட்ட பரதெக்கவில் பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், மாதிரி செய்ய நினைக்கிறவர் அளவு நாடாவோடு முதலில் போக வேண்டிய இடம் அது. இன்ஜினுக்கு ஒரு வீடு, இயந்திரத்துக்கு ஒரு வீடு, மனிதருக்கு ஒரு வீடு. மூன்றும் வெவ்வேறு ஊரில் இருக்கின்றன. கோச்சியும் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரும் லயமும் ஒரே மண்ணில் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்ற காட்சியை மேசை மேல் மட்டும்தான் இனிச் சேர்க்க முடியும்.

கைத்திறன் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் லயத்துப் பிள்ளைகளைப் பார்த்ததில்லை. டின் மீன் பேணியை வெட்டி பஸ் செய்து, அறுந்த றப்பர் செருப்பில் சக்கரம் வட்டமாக அறுத்து, கம்பியில் கோத்து இழுத்துக்கொண்டு ஓடுகிற பிள்ளைகள் அவர்கள். வெசாக் வந்தால் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து மூங்கில் ஈர்க்கைச் சீவி எட்டுமூலைக் கூடு கட்டுவார்கள், ஈர்க்கு ஒரு மயிரளவு நீண்டாலும் கூடு கோணிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தக் கைக்குத் தேவை ஓர் அடிமட்டமும் ஒரு வகுத்தல் கணக்கும்.

கடைசியாக ஆள். 48இல் 1 அளவில் கடையில் கிடைக்கும் உருவங்கள் பெரும்பாலும் விமானிகளும் விமானத் தளத்துச் சிப்பந்திகளும். ரப்பர் வெட்டும் ஆளை அவர்களிலிருந்துதான் உண்டாக்க வேண்டும். குனிந்து சக்கரம் மாட்டுகிற சிப்பந்தி ஒருவன் பொருத்தமாக வருவான். தொப்பியைச் சீவி எடுத்து, தலைக்குத் துணி சுற்றி, காற்சட்டையைச் சாரமாக்க ஒட்டுமாவு பூச வேண்டும். கையில் இருக்கும் ஸ்பானரைத் தட்டிவிட்டுக் கத்தி கொடுக்க வேண்டும், காலடியில் ஒரு வாளி. மரத்தில் வெட்டுக் கோடு இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய 30 பாகை சரிவில் இறங்கும், முடிகிற இடத்தில் ஒரு சிரட்டை. ஒருவர் ஒரு நாளில் வெட்டுவது 250, 300 மரம், ஆகவே முன்வரிசை மரங்கள் எல்லாவற்றிலும் இந்தக் கோடு வர வேண்டும். வலது மேலிருந்து இடது கீழாகச் செதுக்கிவிட்டால் மாதிரிப் போட்டி நடுவர் கவனிக்க மாட்டார். பால் வெட்டுகிற எவரும் மேசைப் பக்கம் வந்த மறுகணமே கேட்டுவிடுவார், ஏன் தம்பி மரத்தைக் கண்ணாடியில் பார்த்தா செஞ்சீங்க என்று.